அலாரம் வாங்குமுன் சுவரைப் பாருங்கள்

2021 நவம்பர் 29 அதிகாலை 4.17 மணிக்கு வேலூர் வட்டாரத்தில் பூமி அதிர்ந்தது. மையப்புள்ளி வேலூருக்கு மேற்கு - தென்மேற்கே 59 கி.மீ., ஆழம் 25 கி.மீ., அளவு 3.6 என்று தேசிய நில அதிர்வு மையம் அறிவித்தது. குடியாத்தத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தூக்கம் கலைந்த மக்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள். அந்த மையப்புள்ளியிலிருந்து ஏறக்குறைய 70 கி.மீ. தள்ளியிருக்கும் ஆரணியில், அதிர்வால் விழித்தவர்களைவிட, விடிந்தபின் வாட்ஸ்அப்பில் செய்தியைப் பார்த்துவிட்டு “ஆமாம், எனக்கும் கட்டில் ஆடினாற்போலத்தான் இருந்தது” என்றவர்கள் அதிகம் இருப்பார்கள். ஒரு மாதம் முடிவதற்குள், டிசம்பர் 23 பிற்பகலில், அதே வட்டாரத்தில் 3.5 அளவில் இன்னொரு அதிர்வு.

இப்படி ஒன்று நடந்த பிறகு, பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவை நினைத்துக் கவலைப்படுவது இயல்பு. ஆன்லைன் கடையில் தேடினால் வீட்டுச் சுவரில் மாட்டும் நில அதிர்வு அலாரங்கள் கிடைக்கின்றன. உள்ளே ஒரு ஊசல் அல்லது குண்டு; சுவர் ஆடினால் அது நகர்ந்து மின்சுற்றைத் தொடும், அலாரம் கூவும். விலை அதிகமில்லை. பல ஆயிரம் ரூபாய்க்கு முடுக்கத்தை அளக்கும் சில்லு வைத்த பெட்டிகளும் உண்டு. “வாங்கி அனுப்பட்டுமா?” என்று கேட்கிறார்கள். ஆரணி போன்ற ஊரில் அந்தப் பணத்தை முதலில் அதற்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கட்சி. அதற்குப் பயத்தை ஏளனம் செய்வது காரணமில்லை. பயம் நியாயமானது. பயப்பட வேண்டிய பொருள்தான் வேறு.

அலாரம் எப்படி முந்துகிறது என்று முதலில் பார்க்கலாம். பாறை உடையும்போது இரண்டு வகை அலைகள் கிளம்புகின்றன. முதல் வகை நொடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில் வரும், மெல்லத் தட்டிவிட்டுப் போகும், பெரும்பாலும் சேதம் செய்யாது. இரண்டாவது வகை நொடிக்குச் சுமார் 3.5 கி.மீ.; பக்கவாட்டில் ஆட்டும், சுவரைச் சாய்ப்பது இதுதான். முதல் அலையைப் பிடித்து, இரண்டாவது வருவதற்குள் எழுப்பிவிடுவதே எல்லா எச்சரிக்கைக் கருவிகளின் வித்தையும். இடையில் கிடைக்கும் நேரம் தொலைவைப் பொறுத்தது. 2021 நவம்பர் அதிர்வைக் கணக்குப் போட்டால் ஆரணிக்குக் கிடைத்திருக்கக்கூடியது 9 நொடி. குடியாத்தத்துக்கு ஐந்தாறு நொடி. மையப்புள்ளிக்கு நேர் மேலே உள்ள ஊருக்கு 3 நொடி. கருவி “இது நிஜம்தானா?” என்று முடிவெடுக்க ஓரிரு நொடியைத் தானே தின்றுவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு கொடுமை உண்டு. அதிகம் ஆடும் ஊருக்கு நேரம் குறைவு. நேரம் தாராளமாகக் கிடைக்கும் ஊருக்கு ஆட்டமே குறைவு. ஜப்பானில் 2011 மார்ச் 11 அன்று தோக்கியோவுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் அவகாசம் கிடைத்தது. நடுக்கம் கிளம்பிய இடம் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், கடலடியில் இருந்தது, அளவோ 9. மெக்சிகோ நகரம் வேறு கதை சொல்லும். அந்த நகரின் சைரன் அமைப்பு, தொலைவில் பசிபிக் கரையில் கிளம்பும் நடுக்கங்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. 2017 செப்டம்பர் 19 அன்று நடுக்கம் பக்கத்திலிருந்து, சுமார் 120 கி.மீ. தொலைவிலிருந்து வந்தது. சைரன் ஒலித்ததும் கட்டடங்கள் ஆடத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரே நேரம். அன்று காலையில்தான், இரண்டு மணி நேரம் முன்பு, நகரம் முழுக்க ஒத்திகை நடத்தியிருந்தார்கள்.

ஆரணிக்கு வரக்கூடியது மெக்சிகோ நகருக்கு அன்று வந்ததைப் போன்றதுதான், பக்கத்திலிருந்து வருவது. சுமத்ராவில் 2012 ஏப்ரல் 11 அன்று 8.6 அளவில் நிகழ்ந்தபோது சென்னையில் மாடி அலுவலகங்களிலிருந்து மக்கள் இறங்கி ஓடினார்கள். அவ்வளவு தூரம் கடந்து வரும் மெதுவான ஆட்டம் உயரமான கட்டடங்களைத்தான் சீண்டும். ஆரணியின் ஓட்டு வீட்டையும் ஒற்றை மாடியையும் அவ்வளவாகக் கவனிக்காது.

விசைத்தறி ஓடும் தெருவில் ஓர் உணர்வி

இன்னொரு சிக்கல், இந்த ஊருக்கே உரியது. ஆரணி எந்நேரமும் அதிரும் ஊர். பட்டுக்கு அடுத்தபடி ஊரின் பெயரை வெளியூருக்குக் கொண்டுபோவது அரிசி. அதனால் எங்கு திரும்பினாலும் அரிசி ஆலை. விசைத்தறி உள்ள தெருவில், அடுத்த வீட்டுத் தறி நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிப்பது நம் வீட்டுச் சுவரில் கை வைத்தால் தெரியும். நொடிக்கு இரண்டு அடி என்று வைத்துக்கொண்டால், நில அதிர்வு அலைகளின் அதிர்வெண்ணும் அந்த வட்டத்துக்குள்தான் வருகிறது. நெல் மூட்டை ஏற்றிய லாரி வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஜன்னல் கண்ணாடி பேசும். சுற்றுவட்டாரத்தில் கல் குவாரிகள்; பாறைக்கு வெடி வைத்தால் பாத்திரம் அலமாரியில் கிலுகிலுக்கும். இந்த ஊரில் ஒற்றைச் சுவரில் தொங்கும் ஊசல் எதைக் கண்டு கூவும், எதை விட்டுவிடும்? உணர்திறனைக் கூட்டினால் வாரத்துக்கு நாலு முறை எழுப்பும். வீட்டிலுள்ள பெரியவர் ஐந்தாவது முறை அதன் பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுவிடுவார். குறைத்து வைத்தால், சுவர் பலமாக ஆடிய பிறகுதான் கூவும். அப்போது விழிப்பதற்கு அலாரம் எதற்கு?

ஒரே இடத்தில் உள்ள ஒரு கருவிக்குத் தறியையும் பூகம்பத்தையும் பிரித்தறியும் வழி குறைவு. பல இடங்களில் உள்ள கருவிகள் ஒரே சமயம் “ஆடுகிறது” என்று சொன்னால்தான் நம்பலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகளை வைத்து கூகுள் செய்வது இதைத்தான். கைபேசியைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதற்கு உதவும் உணர்விதான் இங்கும். மேசைமேல் அசையாமல் கிடக்கும் ஆயிரக்கணக்கான கைபேசிகள் ஒரே வட்டாரத்தில் ஒன்றாக அதிர்வைச் சொன்னால், மையக் கணினி அளவைக் கணித்து, இன்னும் அலை எட்டாத ஊர்களுக்குச் செய்தி அனுப்பும். இந்தியாவில் இந்தச் சேவை 2023 செப்டம்பரில் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்துடனும் தேசிய நில அதிர்வு மையத்துடனும் சேர்ந்து தொடங்கப்பட்டது. காசு கிடையாது. செட்டிங்ஸில் பாதுகாப்பு, அவசரநிலைப் பகுதிக்குள் போய் அது இயங்குகிறதா என்று பார்த்தால் போதும். இணையமும் இருப்பிட வசதியும் போட்டிருக்க வேண்டும். இருக்கிற கருவிகளில் ஆரணி வீட்டுக்கு எதையாவது சிபாரிசு செய்வதென்றால் இதைத்தான் செய்வேன்.

இதற்கும் எல்லை உண்டு. 4.5-க்குக் குறைவான அதிர்வுக்கு அது வாய் திறக்காது. 2021-ல் அந்தச் சேவை இங்கே இருந்திருந்தாலும் குடியாத்தத்தில் ஒரு கைபேசிகூட ஒலித்திருக்காது. அது குற்றமும் இல்லை, 3.6-க்கு ஊரையே எழுப்பத் தேவையில்லை. பெரிய நடுக்கத்தில் என்ன ஆனது என்பதுதான் கவலைக்குரியது. துருக்கியில் 2023 பிப்ரவரி 6 அன்று 7.8 அளவில் பூமி பிளந்தபோது, அங்கும் கடிகாரம் காட்டியது அதிகாலை 4.17. ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு அதிகபட்ச எச்சரிக்கையை அனுப்பியிருக்க முடியும். முதல் நடுக்கத்தின்போது உண்மையில் போனது 469. அமைப்பு நடுக்கத்தின் அளவை மிகக் குறைவாக மதிப்பிட்டுவிட்டது. சுமார் 5 லட்சம் பேருக்குப் போனது மெலிந்த ரகச் செய்தி. ‘தொந்தரவு செய்யாதே’ என்று வைத்திருக்கும் கைபேசியில் அது சத்தமே போடாது. தூங்குகிறவரை எழுப்பாத எச்சரிக்கை. கூகுள் இதை ஒப்புக்கொண்டது. கணிப்பு முறையைத் திருத்திவிட்டதாகவும் சொல்கிறது. பிரேசிலில் 2025 பிப்ரவரியில் நேர்மாறு: நடுக்கமே இல்லாமல் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் எச்சரிக்கை ஒலித்து ரியோ, சாவோ பாவ்லோ வாசிகளை எழுப்பிவிட்டது. மன்னிப்புக் கேட்டு, அங்கே சேவையை நிறுத்திவைத்தார்கள்.

சரி, எல்லாம் சரியாக வேலை செய்து 9 நொடி கிடைத்துவிட்டது என்றே கொள்வோம். ஒரு நெசவாளர் வீட்டில் அந்த 9 நொடி எப்படிப் போகும்? முன்கூடத்தைத் தறி பிடித்துக்கொள்ளும். தறி போக மிச்சமான இடத்தில்தான் பாய் விரிப்பு. விழித்து, இருட்டில் விளக்கைத் தேடி, பாவு நீட்டிக் கட்டியிருக்கும் தறியைச் சுற்றிக்கொண்டு, தறிக்குழியில் கால் விடாமல் கதவுக்குப் போய், தாழ்ப்பாளை எடுக்க வேண்டும். தறிக்கு மேலே, நெசவில் உருவம் போடும் ஜக்கார்டு பெட்டி கனத்தோடு உட்கார்ந்திருக்கிறது. அறுபது வயதுக்காரருக்கு 9 நொடியில் கண் விழித்து உட்காரத்தான் முடியும். மேசைக்கு அடியில் பதுங்கு என்கிற வெளிநாட்டு அறிவுரைக்கு அந்த வீட்டில் மேசை கிடையாது. இருக்கிற இடத்திலேயே தலையணையால் தலையை மூடிக்கொள்வதுதான் நடைமுறையில் கூடிவரும். அப்படிப் படுத்திருப்பவரின் பக்கத்துச் சுவர் நிற்க வேண்டும். எல்லாம் அங்கேதான் வந்து முடிகிறது.

பூகம்பம் இல்லாமல் விழுந்த சுவர்கள்

வேலூரின் 4.17 மணி அதிர்வுக்குப் பத்து நாள் முன்பு, 2021 நவம்பர் 19 அன்று, அதே வேலூர் மாவட்டத்துப் பேரணாம்பட்டில் தொடர்மழையில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். நால்வர் குழந்தைகள். அந்த மாதம் முழுக்கப் பாலாறு கரை புரண்டது, ஊர்கள் தண்ணீரில் நின்றன. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2019 டிசம்பர் 2 விடிகாலையில், மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகள்மேல் விழுந்து 17 பேர் தூக்கத்திலேயே போனார்கள். பேரணாம்பட்டு சாவுக்குப் பின் ஒரு மாதம் ஆவதற்குள், 2021 டிசம்பர் 17 அன்று, திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இவற்றில் எதிலும் பூமி ஆடவில்லை. வேலூர் வட்டாரத்தில் இரண்டு அதிர்வுகளும் சேர்ந்து ஓர் உயிரைக்கூட எடுக்கவில்லை. சும்மா நின்ற சுவர் எடுத்துவிட்டது.

பூமி நிற்கும்போதே விழுகிற சுவர், ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு விடை மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை 3.56 மணிக்கு லாத்தூர் மாவட்டம் கில்லாரியில் 6.2 அளவில் அதிர்ந்தது. கணபதியைக் கரைத்துவிட்டுத் தாமதமாகப் படுத்த ஊர். சுமார் 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். 6.2 உலக அளவில் பெரிய எண் இல்லை. கனமான கருங்கல்லை மண் சாந்தில் அடுக்கிய சுவர், மேலே கனத்த மண் கூரை. தூங்கியவர்கள்மேல் அப்படியே இறங்கியது. கூரைக் குடிசையில் இருந்த ஏழைகள் பிழைத்தார்கள். அன்றைய நில அதிர்வு மண்டல வரைபடத்தில் லாத்தூர், ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. முந்தின ஆண்டே சிறு அதிர்வுகள் வந்து மக்களைக் கலங்கடித்திருந்தன. இதைச் சொன்னவுடன் வேலூரின் இரண்டு சிறு அதிர்வுகளும் நினைவுக்கு வரும்தான். சிறியது வந்தால் பெரியது வரும் என்று விதியில்லை. பெரும்பாலான சிறு அதிர்வுகள் வந்த வழியே அடங்கிப்போகின்றன. எது அடங்கும், எது வளரும் என்று முன்கூட்டிச் சொல்லும் கருவி உலகில் எங்கும் இல்லை. சுவரில் மாட்டும் அலாரமும் அதைச் சொல்லாது; ஆட ஆரம்பித்த பிறகுதான் அதற்கும் தெரியும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 1900 பிப்ரவரி 8 பின்னிரவில் கோயம்புத்தூர் - பாலக்காடு பகுதியில் 6-ஐ ஒட்டிய அளவில் அதிர்ந்து தென்னிந்தியாவின் பெரும்பகுதி விழித்தது. 2001 செப்டம்பர் 25 இரவு 8.26-க்குப் புதுச்சேரிக்கு அருகே கடலில் 5.5. வேலூரின் 3.6-ஐவிட அது சுமார் 700 மடங்கு ஆற்றல் கொண்டது. கில்லாரி ஏறக்குறைய 8 ஆயிரம் மடங்கு. கில்லாரிக்கும், 2001-ல் குஜராத்தின் புஜ் நடுக்கம் செய்த அழிவுக்கும் பிறகு, 2002-ல் மண்டல வரைபடத்தைத் திருத்தியபோது முதல் மண்டலமே எடுக்கப்பட்டது. சென்னை இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. அந்த வரைபடத்தில் வேலூரும் மூன்றில்தான். இந்த மண்டலத்தில் நாளையே பேரழிவு என்று யாரும் சொல்லவில்லை. நடுத்தர நடுக்கம் வரலாம், வீட்டை அதற்கேற்பக் கட்டு என்பது மட்டும்தான் செய்தி.

ரிங்கை வளைக்கும் கோணம்

அதற்கேற்பக் கட்டுவது பெரிய விஞ்ஞானம் அல்ல. பில்லர் போடாமல் செங்கல் சுவரில் எழும் வீட்டுக்கு முக்கியம், ஜன்னல் கதவுகளின் தலைக்கு மேலே நாலு சுவரையும் சுற்றி அறுபடாமல் ஓடும் லிண்டல் பெல்ட். பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டினாற்போல அது சுவர்களை ஒன்றாகப் பிடித்து நிற்கும். நம்மூரில் செலவைக் குறைக்க, திறப்பு உள்ள இடத்தில் மட்டும் துண்டு லிண்டல் போட்டுவிட்டுப் போவது வழக்கம். நாலு மூலையும் தனித்தனியே. ஆட்டம் வந்தால் ஆளுக்கொரு பக்கம்.

பில்லர் வீட்டுக்கு வேறு நோய். பில்லரின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனையை 135 பாகைக்கு உள்நோக்கி மடக்கிக் காங்கிரீட்டுக்குள் விட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. 90-ல் மடக்கிவிட்டால், ஆடும்போது மேல்பூச்சு உதிர்ந்து ரிங் வாயைத் திறந்துவிடும், பில்லர் வெடிக்கும். கம்பி கட்டுபவருக்கு இந்த 45 பாகையால் கூடுதல் உழைப்பு அதிகமில்லை, கம்பிச் செலவும் சொற்பம். கேட்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். வீட்டுக்காரர் டைல்ஸ் நிறத்துக்குக் கடை கடையாக ஏறி இறங்குவார். ரிங் எப்படி மடங்குகிறது என்று ஒரு நாள் காலை நின்று பார்த்திருக்க மாட்டார். கீழ்த்தளம் முழுக்க வண்டி நிறுத்தவோ கடைக்கு விடவோ சுவரில்லாமல் வெறும் பில்லர்மேல் வீட்டைத் தூக்கி நிறுத்தும் பழக்கம் ஆரணிக்கும் வந்துவிட்டது. 2001 புஜ் நடுக்கத்தில் அகமதாபாத்தில், மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்தும், உட்கார்ந்துபோன அடுக்குமாடிகளில் பல இந்த ரகம்.

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டை என்ன செய்வது? மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் நாலரை அங்குலத்தில் தனியே நிற்கிறதா, அதன்மேல் பூந்தொட்டி வரிசை உண்டா என்று பாருங்கள். வெளியே ஓடிவருகிறவர் தலையில் முதலில் விழக்கூடியது அது. இரும்பு பீரோவை மேலே ஒரு பிடிப்பு போட்டுச் சுவரோடு பிணைக்கலாம். கட்டிலுக்கு நேர் மேலே இருக்கும் பரணில் பித்தளை அண்டாவும் பழைய கிரைண்டரும் வேண்டாம். நெசவாளர் வீடானால், ஜக்கார்டு தாங்கும் சட்டத்தைக் கட்டியுள்ள இடம் மழையில் இற்றுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூரைத் தண்ணீர் மண் சுவரின் அடியில் இறங்காமல் வழிமாற்றிவிட்டால் தறிக்குழியும் நனையாது, சுவரும் ஊறாது. மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறித் தொழில் நின்றுபோவது நெசவாளருக்குப் பழகிய கஷ்டம். அதற்குச் செய்யும் பராமரிப்பே பூகம்பத்துக்கும் சேர்ந்துவிடும். இதையெல்லாம் எந்தப் பிள்ளையும் ஆன்லைனில் வாங்கி அனுப்ப முடியாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து கொத்தனாரோடு நிற்க வேண்டும்.

அரசின் பங்குக்கு வருவோம். 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோருக்குச் சுயசான்றின் பேரில் உடனடியாக இணையத்தில் அனுமதி கிடைக்கிறது. அலைச்சலும் கையூட்டும் குறைந்தால் நல்லதுதான். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஆரணி போன்ற ஊரில் எழும் வீடுகளில் பெரும்பகுதி இந்த அளவுக்குள்தான் வரும். அந்த இணையப் பக்கத்திலேயே, காங்கிரீட் ஊற்றுமுன் பில்லர் ரிங்கின் படம் ஒன்று, லிண்டல் மட்டத்தில் ஒன்று என்று வீட்டுக்காரரே எடுத்துப் பதிவேற்றும்படி கேட்டால் என்ன? யாரும் உடனே பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. படம் எடுக்க வேண்டும் என்று தெரிந்தாலே மேஸ்திரி ரிங்கை ஒழுங்காக மடக்குவார்.

கருவி வேண்டவே வேண்டாம் என்பதல்ல வாதம். வீட்டுக்கு வேண்டாம், ஊருக்கு வேண்டும். ராஸ்பெர்ரி ஷேக் என்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு நில அதிர்வுப் பதிவுக்கருவி உலகெங்கும் ஆர்வலர் வீடுகளிலும் பள்ளிகளிலும் இயங்குகிறது. பதிவை இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே ஒன்று, போளூரில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்று, குடியாத்தத்தில் ஒன்று என்று வைத்தால், அடுத்த 3.6 எங்கே கிளம்பியது என்பதை நம் மாணவர்களே மூன்று புள்ளிகளை வைத்துக் கணக்கிடலாம். பூகம்பம் வராத நாளிலும் அவை சும்மா இருக்காது. குவாரி வெடியால் வீட்டில் விரிசல் விடுகிறது என்று கிராமத்தார் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பதும், அப்படி ஒன்றும் இல்லை என்று குவாரிக்காரர் மறுப்பதும் இங்கே வழக்கமாக நடப்பதுதான். தேதி, நேரம், அதிர்வின் அளவு மூன்றும் பதிந்த ஒரு தாளை அந்த மனுவோடு இணைத்துக் கொடுக்கலாம்.